வெட்டு ஒன்று, துண்டு இரண்டு: யீ ஜிங்கின் 43-வது குறி நிஜமாக என்ன சொல்கிறது?

யீ ஜிங் பற்றிய கையேடு ஏதாவது கையில் இருந்தால் 43-வது குறியைப் புரட்டிப் பாருங்கள். (நம் ஊரில் ‘ஐ சிங்’ என்ற உச்சரிப்பில் தெரிந்த அதே சீனக் குறிநூல்தான்.) ‘தயங்காதே’, ‘துணிந்து இறங்கு’, ‘உறுதியாக முடிவெடு’ என்கிற மாதிரி ஒரு சுருக்கம் இருக்கும். கைபேசிச் செயலிகளில் இது இன்னும் குறுகி ஒரே சொல்லாகிவிடுகிறது: உறுதி. அல்லது, உடைப்பு. மூணு காசைப் போட்டு, 43 வந்தால், ஆள் கிளம்பிவிட வேண்டியதுதான்.

இந்தச் சுருக்கம் தவறு என்பதுதான் என் வாதம். குறி சொல்வது பலிக்குமா என்ற கேள்விக்கு நான் இங்கே போகவில்லை. என் கவலை அதைவிடச் சின்னது. நூலில் இருப்பதையாவது ஒழுங்காகப் படிக்கிறோமா? ஒரு பழைய நூலைச் சாக்காக வைத்து ஒருத்தர் வேலையை விடுகிறார், உறவை முறிக்கிறார், கூட்டாளியை வெளியேற்றுகிறார் என்றால், அந்த நூல் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமைதானே.

அமைப்பும் பெயரும்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. யீ ஜிங்கில் 64 குறிகள். ஒவ்வொன்றும் ஆறு கோடுகளால் ஆனது. முழுக்கோடு என்றால் யாங், நடுவில் உடைந்த கோடு என்றால் யின். கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொதுவாக்கு உண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாக ஒரு வாக்கு உண்டு. இந்த அடிப்படைப் பகுதி மேற்கு ஜோவ் காலத்தின் பிற்பகுதியில், கி.மு. 9-ம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ‘பத்துச் சிறகுகள்’ என்ற உரைப்பகுதிகள் பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தவை. கி.மு. 136-ல் ஹான் பேரரசர் வூ காலத்தில் இது அரசு அங்கீகரித்த ஐந்து நூல்களில் ஒன்றாகிவிட்டது.

43-வது குறியின் பெயர் க்வாய். கீழிருந்து ஐந்தும் யாங், உச்சியில் மட்டும் ஒற்றை யின். மூன்று மூன்றாகப் பிரித்தால் கீழே வானம், மேலே ஏரி. அதாவது ஏரி வானத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. எந்த நேரமும் கரை உடையலாம்.

பெயரிலும் அந்த உடைப்பு இருக்கிறது. க்வாய் என்ற எழுத்தோடு தண்ணீர்க் குறியைச் சேர்த்தால் ‘ஜுயே’ என்ற எழுத்து வரும். கரையை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவது அதன் ஒரு பொருள், முடிவெடுப்பது இன்னொரு பொருள். இதே எழுத்தோடு மனக்குறியைச் சேர்த்தால் வேகம், மகிழ்ச்சி. பானைக் குறியைச் சேர்த்தால் குறைபாடு. பேச்சுக் குறியைச் சேர்த்தால் விடைபெறுதல். ஒரே மூலத்திலிருந்து வேகமும் இழப்பும் பிரிவும் கிளைவிடுகின்றன.

நமக்கு இது புதுசில்லை. தமிழில் ‘தீர்’ என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம், தீர்ப்பு, தீர்வு எல்லாம் அதிலிருந்துதான். ‘ஆளைத் தீர்த்துட்டாங்க’ என்பதும் அதிலிருந்துதான். சீனத்திலும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கும் உள்ள சொற்களில் இந்த ஜுயே வருகிறது. முடிவு என்பது நல்ல சொல், ஆனால் பக்கத்திலேயே கத்தி இருக்கிறது.

நூல் என்ன சொல்கிறது?

பொதுவாக்கைச் சாரமாகச் சொல்கிறேன். விஷயத்தை அரசவையில் எல்லோர் முன்னாலும் வை. மனதில் உண்மையோடு உரக்கச் சொல், அதில் ஆபத்து உண்டு என்பதையும் தெரிந்துகொள். முதலில் உன் சொந்த ஊரில் அறிவி. ஆயுதத்தை எடுப்பதில் நன்மை இல்லை. ஆனால் போய்ச் சேர ஓர் இலக்கு இருப்பது நல்லது.

இதில் ‘உடனே செய்’ என்பது எங்கே இருக்கிறது? வெளிப்படையாகச் சொல்வது, ஆபத்தை ஒப்புக்கொள்வது, வீட்டிலிருந்து தொடங்குவது, வன்முறையைத் தவிர்ப்பது என்று நான்கு நிபந்தனை முடிந்த பிறகுதான் ஐந்தாவதாகப் ‘போகலாம்’ வருகிறது. செயலிகள் முதல் நாலையும் வெட்டிவிட்டு ஐந்தாவதை மட்டும் காட்டுகின்றன.

கோடுகளுக்கு வருவோம். முதல் கோடு: வலிமை கால்விரலில் இருக்கிறது, இப்படிக் கிளம்பினால் ஜெயிக்க முடியாது, அதுவே குற்றமாகிவிடும். இரண்டாவது: எச்சரிக்கைக் குரல், ராத்திரியில் ஆயுதம் வரலாம், ஆனாலும் கலங்க வேண்டாம். மூன்றாவது: வலிமை கன்னத்து எலும்பில் தெரிகிறது, அது கெட்டது, உறுதியானவர் தனியே நடந்து மழையில் மாட்டிக்கொள்கிறார், நனைகிறார், கோபத்துக்கு ஆளாகிறார், இருந்தும் அவர் மேல் பழி இல்லை. நான்காவது: பிட்டத்தில் தோல் போய்விட்டது, நடக்கவே முடியவில்லை, ஆட்டைப் பிடித்து நடத்துவதுபோலப் போனால் வருத்தம் நீங்கும், ஆனால் சொன்னாலும் நம்ப மாட்டார். ஐந்தாவது: களைச்செடி மாதிரி ஒன்று, அதை உறுதியாக நீக்க வேண்டும், நடுவழியில் நடந்தால் பழி இல்லை. ஆறாவது, உச்சியில் உள்ள யின்: குரல் இல்லை, கடைசியில் கேடு.

இந்தக் குறியின் சீன மூலத்தை முழுசாகப் படித்தால் கண்ணில் படுகிற விஷயம் ஒன்று. யீ ஜிங்கில் நல்லது நடக்கும் என்பதற்கு வழக்கமாக வரும் சொல் ‘ஜி’. நூல் முழுக்கச் சர்வசாதாரணமாக வருகிற சொல் அது. 43-வது குறியின் பொதுவாக்கிலும் சரி, ஆறு கோடுகளிலும் சரி, அது ஒரு இடத்தில்கூட இல்லை. கேடு என்ற சொல் ரெண்டு தடவை வருகிறது. பழியில்லை என்பது ரெண்டு தடவை. இந்தக் குறி தருகிற உச்சபட்சப் பாராட்டே ‘உன் மேல் தப்பு இல்லை’ என்பதுதான். வெற்றி வாக்கு எங்கேயும் கிடையாது.

இன்னொன்று, ‘உரக்கச் சொல்வது’ என்ற எழுத்து மூன்று இடத்தில் வருகிறது. பொதுவாக்கில் ஒருமுறை, இரண்டாம் கோட்டில் ஒருமுறை, கடைசிக் கோட்டில் ‘இல்லை’ என்ற சொல்லோடு ஒருமுறை. முதல் இரண்டு இடத்திலும் குரல் இருக்கிறது, ஆபத்து சமாளிக்கக்கூடியதாக இருக்கிறது. குரல் இல்லாத இடத்தில் கேடு. கடைசிக் கோட்டில் யாருடைய குரல் இல்லை என்பதில் உரைகாரர்களிடையே வேறுபாடு உண்டு. வெளியேற்றப்படுகிறவர் அழுதும் பயனில்லை என்று ஒரு சாரார், எச்சரிக்கக் குரல் கொடுக்க ஆளில்லை என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். குறி முழுக்கக் குரல் என்பது எச்சரிக்கையாகவே வந்துகொண்டிருக்க, கடைசியில் மட்டும் புலம்பலாக மாறுவானேன்?

ஐந்தாவது கோட்டின் செடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வருகிற எழுத்து இன்றைய சீனத்தில் நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வகையைக் குறிப்பது. அது ஒரு செடியா, ரெண்டு செடியா, இல்லை எழுத்துருவம் குழம்பிப்போன மலையாடா என்று பெரிய விவாதமே உண்டு. செடி என்றே வைத்துக்கொள்வோம். கி.பி. 3-ம் நூற்றாண்டில் 23 வயதுக்குள் இறந்துபோன மேதை வாங் பி, இந்தக் கோட்டுக்கு எழுதிய உரையில் ஒரு குத்து இருக்கிறது. மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர் மிகத் தாழ்ந்த ஒன்றை நேரடியாக எதிர்க்கிறார், ஜெயித்தாலும் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்கிறார் அவர். ஐந்து பேர் சேர்ந்து ஒருத்தரைத் தள்ளுவதில் என்ன வீரம் என்று கேட்பதுபோல இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் என்ன ஆனது?

ஜேம்ஸ் லெக் 1882-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1924-ல் ஜெர்மனில் கொண்டுவந்தார். வில்ஹெல்மின் நூலை கேரி பேய்ன்ஸ் ஆங்கிலமாக்கி, யூங்கின் முன்னுரையோடு 1950-ல் வெளியிட்ட பிறகுதான் இந்த நூல் உலகம் முழுக்கப் பரவியது. நம் கைக்கு வருகிற சுருக்கங்களில் பெரும்பாலானவை அந்த மரத்தின் கிளைகள்தான்.

வில்ஹெல்ம் இந்தக் குறிக்கு உடைத்துக்கொண்டு பாய்வது என்ற பொருளில் தலைப்பு வைத்தார், அடைப்புக்குறிக்குள் உறுதி என்றும் சேர்த்தார். தலைப்பு கவர்ச்சியானது. ஆனால் அவருடைய விளக்கத்தை முழுசாகப் படித்தால் அவர் மூலத்தின் எச்சரிக்கைகளை விட்டுவிடவில்லை என்பது தெரியும். தீமையோடு சமரசம் கூடாது, ஆனால் வன்முறையும் கூடாது, முதலில் தன்னைச் சரிசெய்துகொள் என்று விரிவாகவே எழுதியிருக்கிறார். கிங்தாவ் நகரத்தில் லாவ் நாய்ஷுவான் என்ற பழைய மரபு அறிஞரிடம் உட்கார்ந்து படித்தவர் அவர். மரபுரையின் நிதானம் அவரிடம் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் தலைப்பை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டார்கள்.

எனக்கு வில்ஹெல்மிடம் இருக்கிற குறை வேறு. மரபுரையைப் பின்பற்றி, உச்சியில் உள்ள ஒற்றை யின்னை அவர் அப்படியே ‘கீழோர்’ ஆக்கிவிடுகிறார். மூலக் கோடுகளில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

குச்சிக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், எளிதானதுதான்.

பழைய முறையில் 50 குச்சிகளை எடுத்து, ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, 49 குச்சிகளைப் பிரித்துப் பிரித்து எண்ணிக் கோடுகளைக் கண்டுபிடிப்பார்கள். 12-ம் நூற்றாண்டில் ஜு ஷி விளக்கிய வடிவமே இன்று புழங்குகிறது. மூன்று காசு போடுவது சுருக்கு வழி. எந்த முறையிலும் ஒரு கோடு யாங்காக வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வித்தியாசம் ‘மாறும் கோடு’ விஷயத்தில்தான். மாறும் கோடு விழுந்தால்தான் அந்தக் கோட்டுக்குரிய வாக்கைப் படிப்பார்கள். காசு முறையில் யாங்கும் யின்னும் நான்கில் ஒரு பங்கு மாறும் கோடாக வரும். குச்சி முறையில் யாங் எட்டில் மூன்று பங்கு, யின் எட்டில் ஒரு பங்குதான்.

க்வாயில் கீழே ஐந்தும் யாங் அல்லவா? குச்சி முறையில் க்வாய் 100 தடவை விழுந்தால், கீழுள்ள ஐந்து கோடுகளில் ஒன்றாவது மாறும் கோடாக வருவது சுமார் 90 தடவை. காசு முறையில் சுமார் 76 தடவை. உச்சியில் உள்ள யின் மாறுவது குச்சியில் 12 அல்லது 13 தடவை, காசில் 25 தடவை. எந்தக் கோடும் மாறாமல் பொதுவாக்கு மட்டும் கிடைப்பது குச்சியில் 8 தடவைதான், காசில் சுமார் 18.

இதன் அர்த்தம் என்ன? குச்சி முறையில் இந்தக் குறியைப் பெற்றவர் பத்தில் ஒன்பது தடவை அந்தப் பெரும்பான்மை ஐந்து பேரில் யாரோ ஒருவருக்கான வாக்கைப் படித்தே தீர வேண்டும்: கால்விரல், ராத்திரி ஆயுதம், கன்னத்து எலும்பு, தோல் போன பிட்டம், களைச்செடி. வெளியேற்றப்படுகிறவருக்கான கேடு வாக்கு எட்டில் ஒரு தடவைதான் வரும். முறையே பெரும்பான்மைப் பக்கம் திரும்பி ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசுக்கு மாறியதும், அதன்பிறகு கோடுகளையே விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் படிக்கும் பழக்கம் வந்ததும், அந்த எச்சரிக்கை படிப்படியாகக் கரைந்துபோனது என்பது கணக்கில் தெரிகிறது.

ஒரே ஆள், இரண்டு போர்

இனி கதைக்கு வருவோம். ‘ஸுவோ ஜுவான்’ என்ற பழைய சீன வரலாற்று நூலில் ஒரு தளபதி வருகிறார். சூ நாட்டைச் சேர்ந்த ச்யூ ஷியா. கி.மு. 701-ல் யுன் நாட்டுப் படை பூஸாவ் என்ற இடத்தில் முகாமிட்டிருக்கிறது. ச்யூ ஷியாவுக்குக் கவலை. அரசரிடம் இன்னும் படை கேட்கலாமா என்கிறார். உடனிருந்த தோவ் லியான், படை ஜெயிப்பது ஒற்றுமையால், எண்ணிக்கையால் இல்லை என்கிறார். சரி, ஆமையோட்டில் குறியாவது பார்த்துவிடுவோம் என்கிறார் தளபதி. அதற்குத் தோவ் லியான் சொன்ன பதில் சீன மரபில் புகழ்பெற்றது. சந்தேகத்தைத் தீர்க்கத்தானே குறி பார்ப்பது, சந்தேகமே இல்லாதபோது எதற்கு என்று கேட்டுவிட்டார். அங்கே ‘தீர்க்க’ என்ற இடத்தில் வரும் சொல் நம் ஜுயேதான். குறி பார்க்காமலே போனார்கள், ஜெயித்தார்கள்.

துணிந்து இறங்கு கட்சிக்கு இது நல்ல ஆதாரம் மாதிரித் தெரியும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டே வருஷம் கழித்து, கி.மு. 699-ல், அதே ச்யூ ஷியா லுவோ நாட்டின் மேல் படையெடுக்கிறார். வழியனுப்பப் போன தோவ் போபி திரும்பி வரும்போது தன் தேரோட்டியிடம் சொல்கிறார்: இவர் தோற்கத்தான் போகிறார், காலை எவ்வளவு உயரத் தூக்கி நடக்கிறார் பார்த்தாயா, மனசில் நிலை இல்லை. சீன மூலத்தில் அவர் சொல்வது கால்விரலைத் தூக்குவதைப் பற்றி. க்வாயின் முதல் கோட்டிலும் அதே கால்விரல்தான்.

தோவ் போபி அரசரிடம் போய்க் கூடுதல் படை அனுப்பச் சொல்கிறார். அரசருக்கு விஷயம் பிடிபடவில்லை, மறுத்துவிடுகிறார். அரசி தெங் மானுக்குத்தான் புரிகிறது. அவர் சொன்னது படை எண்ணிக்கையைப் பற்றி இல்லை, பூஸாவில் ஜெயித்த தெம்பில் தளபதி தன்னிஷ்டத்துக்கு நடப்பார் என்பதைத்தான் என்கிறார் அரசி. ஆள் அனுப்பித் திருப்பிக் கூப்பிடப் பார்த்தார்கள், எட்டவில்லை. அங்கே படையில் தளபதி ஓர் ஆணை போட்டிருந்தார்: எனக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறவனுக்குத் தண்டனை. ஆற்றைக் கடக்கும்போது அணி குலைந்தது, காவலும் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் தாக்கி நொறுக்கினார்கள். ச்யூ ஷியா தூக்குப் போட்டுக்கொண்டார்.

இந்தக் கதையைக் க்வாய் குறியோடு சேர்த்துப் படிப்பது என் வேலை. ஸுவோ ஜுவான் அப்படிச் சேர்க்கவில்லை. ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள். கால்விரலில் வலிமை இருந்தது. சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியில் எச்சரிக்கைக் குரலையே சட்டம் போட்டு நிறுத்தினார், குரல் இல்லாமல் போனது, கேடு வந்தது. அதே ஆள், அதே துணிச்சல். முதல் போரில் பக்கத்தில் ஒருவர் மறுத்துப் பேச முடிந்தது. இரண்டாவதில் முடியவில்லை. வித்தியாசம் அதுதான்.

நல்ல குறி விழுந்தால்கூடப் போதாது என்பதற்கும் அதே நூலில் ஒரு கதை உண்டு. கி.மு. 530-ல் லூ நாட்டில் ஒரு பெரிய குடும்பத்தின் கோட்டையைக் கவனித்துவந்த அதிகாரி ஒருவர் கலகம் செய்யத் திட்டமிட்டார். யீ ஜிங்கில் பார்த்தார். மிக மிக நல்ல வாக்கு விழுந்தது. காரணத்தைச் சொல்லாமல் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவர், நேர்மையான காரியம் என்றால் சரி, இல்லையென்றால் நடக்காது, ஆபத்தான வேலைக்கு இந்த நூலைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதிகாரி கேட்கவில்லை. கலகம் தோற்றது. குறி நல்லதா கெட்டதா என்பதைவிட, கேள்வியை மறைத்துக் கேட்டதில்தான் கோளாறு.

எதிர்வாதம்: ஹோங்மென் விருந்து

நியாயமாக ஒரு எதிர்வாதத்தையும் வைக்க வேண்டும். தயக்கமும் அழிக்கும். சீன வரலாற்றில் அதற்கு மிகப் பெரிய சாட்சி கி.மு. 206-ல் நடந்த ஹோங்மென் விருந்து. ஷியாங் யூ தன் போட்டியாளர் லியு பாங்கை விருந்துக்கு அழைத்திருக்கிறார். அங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்பது ஆலோசகர் ஃபான் ஸெங்கின் திட்டம். அவர் இடுப்பில் தொங்கிய பச்சைக்கல் வளையத்தை மூன்று தடவை தூக்கிக் காட்டினார் என்று வரலாற்றாசிரியர் ஸ்மா ச்சியன் எழுதுகிறார். ஓரிடத்தில் வெட்டு விட்ட வளையம் அது. அதன் பெயரும் ஜுயே, எழுத்திலும் க்வாய் இருக்கிறது. ‘முடிவெடு’ என்று வாய்திறக்காமல் சொன்ன சைகை. ஷியாங் யூ பேசாமல் இருந்துவிட்டார். லியு பாங் தப்பினார். கி.மு. 202-ல் ஷியாங் யூ ஆற்றங்கரையில் கழுத்தறுத்துக்கொண்டு செத்தார், லியு பாங் ஹான் பேரரசர் ஆனார்.

அப்போ துணிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் இரண்டாயிரம் வருஷமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஷியாங் யூ தயங்குகிற ஆளா என்று பாருங்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் ஜுலூ போரில் ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பாத்திரங்களை உடைத்து, மூன்று நாள் உணவோடு படையை அனுப்பியவர். சரணடைந்த 2 லட்சம் ச்சின் வீரர்களைக் கொன்றதாகவும் அதே வரலாறு சொல்கிறது. வாழ்நாள் முழுக்க வெட்டு ஒன்று துண்டு ரெண்டுதான். தோல்விக்குக் காரணமாக ஸ்மா ச்சியன் தன் மதிப்பீட்டில் சொல்வது விருந்தில் காட்டிய தயக்கத்தை இல்லை. எல்லாவற்றையும் பலத்தாலேயே நடத்தப் பார்த்ததையும், சாகும்வரை தன் தவறை உணராததையும்தான் சொல்கிறார். அத்தனை துணிச்சல்களை மறந்துவிட்டு ஒரே ஒரு தயக்கத்தை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

மேலும், க்வாயின் அளவுகோலில் அந்த விருந்துத் திட்டம் தேறவே தேறாது. விருந்தாளியை ரகசியச் சைகையில் கொல்வது அரசவையில் வெளிப்படையாக வைப்பதற்கு நேரெதிர். ஆயுதம் வேண்டாம் என்பதற்கும் எதிர்.

உச்சியில் இருப்பவர் யார்?

நூலைப் பாராட்டிக்கொண்டே போகவும் முடியாது. இந்தக் குறியின் மரபுரையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஐந்து யாங்கும் மேன்மக்கள், ஒற்றை யின் கீழோர் என்று பிரித்துவிட்டால், யார் யின் என்பதை யார் சொல்வது? சோங் காலத்து மெய்யியலாளர் செங் யி (1033–1107) இந்த உரைமரபின் பெரிய தூண். க்வாயை, மேன்மக்கள் வளர்ந்து கீழோரை நீக்கும் காலம் என்று படித்தவர். அவசரம் கூடாது, ஆயுதத்தை நம்பக் கூடாது என்றும் சொன்னவர்தான். அவரே அரசவைக் கட்சிச் சண்டையில் சிக்கி 1097-ல் இன்றைய சோங்சிங் பகுதியிலுள்ள ஃபூஜோவுக்கு நாடுகடத்தப்பட்டார். யீ ஜிங் உரையின் முன்னுரையை 1099-ல் அந்த நாடுகடத்தலில்தான் எழுதினார். சில வருஷத்தில், ஹுய்ஸோங் பேரரசர் காலத்தில் அமைச்சர் ஸாய் ஜிங் எதிர்க்கட்சியினரின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்தார். 1104 பட்டியலில் 309 பெயர்கள். வஞ்சகக் கூட்டம் என்று தலைப்பு. அதில் செங் யியின் பெயரும் உண்டு.

அதாவது கீழோரை எப்படி நீக்குவது என்று எழுதியவரைக் கீழோர் பட்டியலில் போட்டு நீக்கினார்கள். நீக்கியவர்களும் தங்களை யாங் என்றுதான் நினைத்திருப்பார்கள். அரசவையில் வெளிப்படையாகத்தான் செய்தார்கள், கல்லிலேயே எழுதினார்கள். ஆக, வெளிப்படைத்தன்மை மட்டும் போதாது. உச்சியில் இருக்கிற ஒருவர் பதில் பேச அங்கே இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் இந்த உரைமரபு மௌனமாக இருக்கிறது.

மூன்றாவது கோடு மட்டும்தான் இதற்கு லேசாக ஒரு கதவைத் திறக்கிறது. மரபுப்படி, ஆறாவது கோட்டோடு இணைப்பு உள்ள ஒரே யாங் அதுதான். ஐந்து பேரில் ஒருவர், வெளியேற்றப்படப் போகிறவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். சொந்தக் கட்சிக்கே அவர் மேல் எரிச்சல். மழையில் நனைந்தபடி தனியாக நடக்கிறார். நூல் அவரைப் பழி சொல்லவில்லை. இந்தக் குறியில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

இன்னொன்று. க்வாயைத் தலைகீழாகத் திருப்பினால் 44-வது குறி கோவ். ஐந்து யாங்குக்கு அடியில் ஒற்றை யின். உச்சியிலிருந்து தள்ளியது அடியில் வந்து முளைக்கிறது. கீரையைக் கிள்ளினால் பக்கத்தில் துளிர்ப்பதுபோல. 1973-ல் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த கி.மு. 168-க்கு முந்தைய பட்டுச் சுவடியில் குறிகளின் வரிசை வேறு, அதனால் இந்த அடுத்தடுத்த வரிசையை மிகப் பழையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைத் திருப்பினால் மற்றது வரும் என்பது வரிசையைச் சார்ந்த விஷயம் இல்லை.

அப்போ எப்படிப் படிக்கலாம்?

பத்துச் சிறகுகளில் ஒரு பகுதி நாகரிகத்தின் கண்டுபிடிப்புகளைக் குறிகளோடு இணைத்துச் சொல்கிறது. அதில் க்வாய் குறியோடு இணைத்திருப்பது வாளையோ போரையோ இல்லை, எழுத்தை. பழைய காலத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள், பிறகு எழுத்தும் ஒப்பந்தக் கட்டையும் வந்தன, அது க்வாயிலிருந்து என்கிறது அந்தப் பகுதி. ஒப்பந்தக் கட்டை என்றால், மரத்துண்டில் எழுதி, ஓரத்தில் வெட்டுக்குறி போட்டு, இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வது. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்பதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. வெட்டு உண்டு, முடிவு உண்டு, திரும்பிப் போக முடியாது. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரர் கையிலும் ஒரு பாதி இருக்கிறது.

அடுத்த தடவை யாராவது ‘43 வந்துடுச்சு, இறங்கிடலாம்’ என்று சொன்னால், அது அப்பார்ட்மென்ட் சங்கமோ, ஐந்து பேர் சேர்ந்து ஆறாவது பங்காளியை விலக்குகிற வியாபாரமோ, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையோ, சில கேள்விகளை நூலிலிருந்தே எடுத்துக் கேட்கலாம். அவர் முகத்துக்கு நேரே எல்லோர் முன்னாலும் சொல்லிட்டீங்களா? உங்க பக்கத்துக் குறையை முதலில் பார்த்தாச்சா? அடித்துப் பிடுங்காமல் முடியுமா? முடிந்த பிறகு எங்கே போகப் போறீங்க? உங்களில் யாராவது ‘வேண்டாம்’ என்று சொன்னால் அவரைப் பேச விடுவீங்களா?

இதற்கெல்லாம் பதில் இருந்தால் காசு போட வேண்டிய அவசியமே இல்லை. தோவ் லியான் கி.மு. 701-லேயே அதைச் சொல்லிவிட்டார். பதில் இல்லையென்றால், 43 என்ன, 64-ல் எது விழுந்தாலும் காலை உயரத் தூக்கி நடக்காமல் இருப்பது நல்லது.